கல்லூரி அறிவிப்புப் பலகையும் நமது கடையும்



ஜூன் பிறந்தால் கல்லூரிகள் திறந்துவிடும். எவ்வளவு சிறிய கல்லூரியாக இருந்தாலும் ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு கையேடு கொடுப்பார்கள். எந்த நாள் வேலை நாள், எந்த நாள் விடுமுறை, எப்போது தேர்வு என்று அதில் ஆண்டு முழுவதற்கும் போட்டிருக்கும். சில கல்லூரிகள் மாதம் ஒரு முறை நான்கு பக்கச் செய்தி மடலும் அச்சிடுகின்றன. அந்த மடலில் எப்போதும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று "வரும் நிகழ்ச்சிகள்". மற்றொன்று "பணியாளர் செய்திகள்". யார் ஓய்வு பெறுகிறார், யார் புதிதாகச் சேர்ந்தார், யார் முனைவர் பட்டம் வாங்கினார் என்ற விவரங்கள் இரண்டாவது பகுதியில் வரும்.

கடைக்கு வந்து சேர்ந்தால் பொட்டலம் மடிக்கப் போய்விடும் காகிதம் என்றுதான் இதைப் பலரும் நினைக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை முடித்துக்கொண்டு மண்டியில் வந்து உட்கார்ந்தவன் நான். கல்லூரி வகுப்பில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. ஆனாலும் எங்கள் ஊர்க் கல்லூரியின் செய்தி மடலைப் பல வருடங்களாக விடாமல் வாசித்து வருகிறேன். தூத்துக்குடி, விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைத் தினமும் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம் அல்லவா, அதே அக்கறையோடு நாம் வாசிக்க வேண்டிய காகிதம் இது என்பது என் அனுபவம். முதல் பகுதி நமது சரக்கைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவது பகுதி நமது கடன் ஏட்டைப் பற்றிச் சொல்கிறது. அதற்கும் மேலே, அந்தக் கல்லூரி நல்லபடி நடக்கிறதா, நலிந்து வருகிறதா என்பதையும் சொல்லிவிடுகிறது. கல்லூரி நலிந்தால் அதைச் சுற்றியுள்ள கடைத்தெருவும் நலியும். ஆகவே இது நம் எல்லோருடைய விஷயம்.

நிகழ்ச்சிப் பட்டியலும் கொள்முதலும்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஆண்டு இரண்டு பருவமாக நடக்கிறது. ஜூனில் தொடங்கி நவம்பர் தேர்வோடு முடிவது முதல் பருவம். டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் தேர்வோடு முடிவது இரண்டாவது பருவம். முன்னே பின்னே சில வாரங்கள் மாறலாம். அந்தச் சில வாரங்கள்தான் நமக்கு லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானிக்கின்றன.

கல்லூரி திறந்த முதல் மாதத்தில் விடுதிக்கு வரும் பிள்ளைகள் வாளி, பூட்டு, சோப்பு, தேங்காய் எண்ணெய், கொசுவத்தி, ஊறுகாய் வாங்குவார்கள். மூத்த வகுப்புகள் முதலில் தொடங்கும். முதலாம் ஆண்டு மாணவர்கள் சில வாரம் கழித்துத்தான் வருவார்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரே தடவையில் சரக்கு போட்டால் பணம் முடங்கும். ஜூலை 15 காமராசர் பிறந்த நாள். ஆகஸ்டு 15 சுதந்திர தினம். அன்று மிட்டாய் உறுதி. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். ஆயுத பூஜைக்கு அலுவலகம், ஆய்வுக்கூடம், பேருந்துக் கொட்டகை என்று ஒவ்வொரு இடத்திற்கும் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், அவல் தனித்தனியாக வாங்குவார்கள். ஜனவரியில் கல்லூரிப் பொங்கல். துறைக்கு ஒரு பானை என்றால் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி, ஏலக்காய் எத்தனை செட் போகும் என்பதைத் துறைகளின் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிடலாம். பிப்ரவரி, மார்ச்சில் விளையாட்டு விழா, கல்லூரி விழா, விடுதி நாள், முன்னாள் மாணவர் கூட்டம் என்று வரிசையாக வரும்.

இதில் பலர் கவனிக்காதது நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம். ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து மாணவர்கள் ஏழு நாள் அங்கேயே தங்கி வேலை செய்வார்கள். நூறு பேர் கொண்ட ஓர் அணியில் ஐம்பது பேர் முகாமுக்குப் போவது வழக்கம். நம் கடைக் கணக்கில் பார்ப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி என்றால் ஐம்பது பேருக்கு 15 கிலோ. ஏழு நாளைக்கு 105 கிலோ. பருப்பு ஒருவருக்கு 50 கிராம் வைத்தால் நாளைக்கு இரண்டரைக் கிலோ, மொத்தம் பதினேழரைக் கிலோ. எண்ணெய் 25 மில்லி வைத்தால் சுமார் ஒன்பது லிட்டர். மளிகை, மசாலா, டீத்தூள், சர்க்கரை தனி. முகாம் தேதி செய்தி மடலில் வந்த அன்றே திட்ட அலுவலரைப் போய்ப் பார்த்து, "இன்ன சரக்கு இன்ன விலை, கிராமத்திலேயே கொண்டு வந்து இறக்கித் தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் அந்த வியாபாரம் பக்கத்து ஊருக்குப் போகாது. முகாமுக்கு ஒதுக்கும் பணம் குறைவு. அதை உணர்ந்து நியாயமான விலை போட்டுக் கொடுப்பது நம் பொறுப்பு.

பட்டியலைப் பார்க்காததால் வரும் நஷ்டத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். விடுதிக்கு எதிரில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு வருடம் மார்ச் கடைசியில் வழக்கம்போல வாழைப்பழம், காய்கறி, பால், தயிர், ரொட்டி எல்லாம் கூடுதலாகச் சொல்லி வைத்தார். அந்த வருடம் தேர்தலை ஒட்டித் தேர்வுகளை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். கல்லூரிக் கட்டடம் தேர்தல் வேலைக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒரே நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். பழம் கறுத்தது, தயிர் புளித்தது. இதில் வேதனை என்னவென்றால், மாற்றிய தேதி இரண்டு வாரமாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. அவர் கடையிலிருந்து அந்தப் பலகை ஐம்பது அடி தூரம்.

விடுதிச் சமையலறைக் கணக்கு

பல விடுதிகளில் பங்கீட்டு முறையில்தான் உணவுக் கட்டணம் வசூலிக்கிறார்கள். அந்த மாதம் சமையலுக்கு ஆன மொத்தச் செலவை மாணவர்கள் சாப்பிட்ட நாட்களால் வகுத்து, அவரவர் நாட்கணக்குப்படி பங்கு போடுவார்கள். நாம் கூட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் நேரே மாணவன் தலையில் விழுகிறது என்று இதற்கு அர்த்தம்.

இருநூறு பேர் உள்ள விடுதியில் ஆளுக்கு 50 கிராம் வீதம் மாதம் 300 கிலோ துவரம் பருப்பு செலவாகும். கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டினால் 600 ரூபாய். ஆளுக்கு 3 ரூபாய். இது ஒரு பணமா என்று தோன்றும். அரிசி, எண்ணெய், புளி, மிளகாய் எல்லாவற்றிலும் இப்படிக் கூட்டிக்கொண்டு போனால், மாதக் கடைசியில் கூலி வேலை செய்யும் ஒரு தகப்பனார் அதைச் சுமக்கிறார். அவர் நம் கடைக்கே வந்து அரிசி வாங்குகிறவராகவும் இருப்பார். விலைப்புள்ளி கொடுக்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும். முதல் மாதம் விலையைக் குறைத்துக் காட்டி ஆர்டரைப் பிடித்துவிட்டு, மூன்றாவது மாதம் இரண்டாம் ரகத்தை உள்ளே தள்ளுவது வியாபாரம் அல்ல. மாணவர் குழுவில் இருக்கும் பிள்ளைகள் பருப்பை வேக வைத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்லூரிக்குச் சரக்கு போடுகிறவர்கள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். உணவுப் பொருள் விற்கும் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. கல்லூரித் தணிக்கையில் இந்த எண் இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பினால் குறை சொல்ல முடியாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. விழாவுக்கு டம்ளர், தட்டு கேட்டால் பாக்குமட்டை, வாழை இலை, காகிதம் என்றுதான் கொடுக்க வேண்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கெஜக் கணக்கைக் காட்டி 101-ஆவது கெஜத்தில் கடை போட்டேன் என்று சாமர்த்தியம் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லூரியில் படிப்பது நம் பிள்ளைகள் என்று நினைத்தால் டேப் வைத்து அளக்கத் தோன்றாது.

பணியாளர் செய்தியும் கடன் ஏடும்

இனி இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். "பணி நிறைவு", "புதிய நியமனம்", "பொறுப்பு மாற்றம்" என்ற மூன்று தலைப்புகளையும் கடன் ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

பொறுப்பு மாற்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். விடுதிக் காப்பாளர், கல்லூரிக் கண்காணிப்பாளர், முதல்வர் ஆகிய மூவரில் ஒருவர் மாறினாலும் நமது நிலுவை ஆட்டம் காணும். எனக்கே நடந்தது இது. ஒரு விடுதிக்கு நான்கு மாதம் பருப்பும் எண்ணெயும் போட்டிருந்தேன். நடுவில் காப்பாளர் மாறினார். புதிதாக வந்தவர், "எனக்கு முந்தைய கணக்கு தெரியாது, பழையவரைக் கேளுங்கள்" என்றார். பழையவர், "பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன்" என்றார். இருவரும் நல்ல மனிதர்கள்தான். பணம் வரப் பதினொரு மாதம் ஆயிற்று. கையெழுத்திட்ட சரக்குச் சீட்டு எல்லாம் என்னிடம் இருந்ததால் வந்து சேர்ந்தது. அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பொறுப்பு மாறப்போகிறது என்ற செய்தியைப் பார்த்த அன்றே, அதுவரை உள்ள பாக்கியை ஒரு தாளில் எழுதி, "இந்தத் தொகை நிலுவை என்பது சரி" என்று பழையவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரு நகலைப் புதியவரிடம் கொடுத்துவிடுவேன். யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. கணக்கில் தெளிவாக இருப்பவரிடம் எல்லோருக்கும் மதிப்பு உண்டு.

பணி நிறைவு அடுத்தது. தமிழக அரசு ஓய்வு வயதை 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தியது. கல்லூரி ஆசிரியர்கள் ஆண்டின் நடுவில் வயது நிறைந்தாலும் மாணவர் படிப்பு கெடாமல் இருக்க மே 31 வரை பணியாற்றுவது வழக்கத்தில் உள்ளது. ஆகவே மே மாதச் செய்தி மடலில்தான் ஓய்வு பெறுவோர் பட்டியல் நீளமாக இருக்கும். முப்பது வருடம் நம் கடையில் மாதச் சிட்டை வைத்திருந்த பேராசிரியர் ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கோ பிள்ளை வீட்டுக்கோ போய்விடுவார். நிலுவையைத் தீர்க்கச் சொல்லி நினைவூட்ட வேண்டியதில்லை. இத்தகையவர்களில் பெரும்பாலோர் தாமாகவே வந்து தீர்த்துவிட்டுத்தான் போவார்கள். நாம் செய்ய வேண்டியது வேறு. முப்பது வருடம் நம் கல்லாவுக்குப் பணம் தந்தவரைக் கடைத்தெரு சார்பில் ஒரு நாள் அழைத்து, ஒரு மாலை போட்டு அனுப்ப வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தானே.

புதிய நியமனங்களைக் கவனமாக வாசிக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் என்றாலே கை நிறையச் சம்பளம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரசு உதவி பெறும் கல்லூரியில் இரண்டு வகை உண்டு. அரசு உதவி பெறும் பணியிடத்தில் இருப்பவருக்கு அரசு சம்பளம் தருகிறது. சுயநிதிப் பிரிவில் இருப்பவருக்கு நிர்வாகம், மாணவர் கட்டணத்திலிருந்து தருகிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பலர் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். இவர்களில் பலருக்குக் கோடை மாதத்தில் முழுச் சம்பளம் கிடைப்பதில்லை. ஜூன் முதல் வாரத்தில் அவர் மளிகைப் பாக்கி தாமதமானால் அது நாணயக் குறைவு அல்ல. ஏப்ரலில் கடன் கொடுக்கும்போதே, "ஜூலையில் கொடுங்கள் ஐயா, பரவாயில்லை" என்று நாமே சொல்லிவிட்டால் அவர் கடை வாசலைத் தாண்டிப் போகும்போது தலை குனிய வேண்டியிராது. அப்படிச் சொல்லி நான் இதுவரை பணத்தை இழந்ததில்லை. வாடிக்கையாளர்தான் கூடினார்கள்.

காலி இடங்கள் சொல்லும் சேதி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடத்தின் பணி நிறைவுப் பட்டியலையும் அடுத்த வருடத்தின் நியமனப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நமது பேரேட்டில் பற்றும் வரவும் பார்ப்பது போலத்தான். எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு முறை நான்கு பேர் ஓய்வு பெற்றார்கள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் இரண்டு பெயர்தான் இருந்தது. அந்த இரண்டும் சுயநிதிப் பிரிவில். அரசு உதவி பெறும் இடங்கள் நான்கும் அப்படியே நின்றன. ஓய்வு பெற்றவர்களில் வணிகவியல் துறையைச் சேர்ந்தவரும் ஒருவர்.

அரசு உதவி பெறும் இடத்தை நிர்வாகம் தானாக நிரப்பிவிட முடியாது. கல்லூரிக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். கடிதப் போக்குவரத்து, விதிமுறை, சில இடங்களில் நீதிமன்ற வழக்கு என்று வருடங்கள் ஓடும். இடம் காலியாக இருக்கும்வரை பாடம் நடத்த சுயநிதியில் ஆள் போட வேண்டும். அந்தச் சம்பளம் கட்டணத்திலிருந்து வர வேண்டும். கட்டணம் கூடினால் ஏழைப் பிள்ளைகள் வரத் தயங்குவார்கள். மாணவர் குறைந்தால் பாடப்பிரிவையே மூடுவார்கள். விடுதியில் பாதி அறை பூட்டிக் கிடக்கும். அப்போது எதிரில் இருக்கும் டீக்கடை, ஜெராக்ஸ் கடை, மளிகைக் கடை, சைக்கிள் கடை எல்லாம் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கும். காலி இடம் என்பது அவர்கள் வீட்டு விஷயம் என்று இருந்துவிட முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் மண்டியில் மூட்டை தூக்கிய தொழிலாளி ஒருவரின் மகள் அந்தக் கல்லூரியில்தான் பி.காம். படித்தார். வெளியூர் அனுப்பிப் படிக்க வைக்க அவரால் முடிந்திருக்காது. ஊரிலேயே கல்லூரி இருந்ததால் வீட்டிலிருந்து நடந்து போய்ப் படித்தார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் கைபிசைந்து நின்றோம். கம்ப்யூட்டரில் ரிட்டர்ன் போட ஆள் தேடினோம். அந்தப் பெண்தான் வந்து எங்கள் கடைக் கணக்கையும் பக்கத்து நான்கு கடைக் கணக்கையும் எடுத்துக்கொண்டார். தகப்பனார் தோளில் மூட்டை சுமந்த அதே மண்டியில் மகள் மேசை போட்டு உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். வணிகவியல் துறையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தால் இப்படி ஒரு பிள்ளை நமக்குக் கிடைக்காமல் போகிறது என்று அர்த்தம்.

மகமை வளர்த்த படிப்பு

கல்லூரி விஷயத்தில் வியாபாரிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நமது முன்னோர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

விருதுநகரை எடுத்துக்கொள்ளுங்கள். வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று நம் எல்லோருடைய பேரேட்டிலும் இருக்கும் ஊர். அந்த ஊர் வியாபாரிகள் வியாபாரத்தின் மீது மகமை எடுத்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். க்ஷத்திரிய வித்யாசாலா 1889-ல் தொடங்கியது. காமராசர் படித்தது அங்கேதான். படிப்பைத் தொடர முடியாமல் மாமன் கடைக்கு வேலைக்குப் போனவர், பின்னாளில் முதலமைச்சராகி ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார். 1947-ல் அதே விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. 1962-ல் பெண்களுக்கென்று வன்னியப்பெருமாள் கல்லூரி வந்தது.

காரைக்குடியில் ஆலை அதிபர் அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கினார். திருச்சியில் வணிகப் பெருமக்களான ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் 1951-ல் தொடங்கியது ஜமால் முகமது கல்லூரி. இவற்றுக்கெல்லாம் முன்பே, வணிகத்தில் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் விட்டுச் சென்ற அறக்கட்டளை சென்னையில் 1842-ல் பள்ளி தொடங்கியது. அதே அறக்கட்டளையார் 1886-ல் வணிகம் கற்பிக்கத் தனிப் பள்ளி நிறுவினார்கள். இந்தியாவில் வணிகக் கல்விக்கென்று ஏற்பட்ட முதல் பள்ளி அதுவே என்று வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இவர்கள் யாரும் பணத்தைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. யாரை ஆசிரியராகப் போடுவது, எப்போது கட்டடம் கட்டுவது என்று கூடவே இருந்து பார்த்தார்கள். இன்று நாம் விழா மலருக்கு ஒரு பக்க விளம்பரம் கொடுத்து, மேடையில் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். மகமையின் கருத்து அதுவல்ல.

சங்கம் செய்யக்கூடியவை

பெரிய பணம் இல்லாமல், ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இந்த ஜூனிலேயே தொடங்கக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

1. சங்கத்தில் ஓர் உறுப்பினருக்குக் கல்லூரித் தொடர்புப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். அவர் ஜூனில் கையேட்டை வாங்கி, தேர்வு, விடுமுறை, விழா, முகாம் தேதிகளைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும். மாதம் ஒரு முறை மாற்றம் உண்டா என்று கேட்டு வர வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

2. புதிய முதல்வர் பொறுப்பேற்றால் சங்கத்துக்கு அழைத்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஓய்வு பெறுவோருக்கு மே மாதத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்க வேண்டும்.

3. வணிகவியல் மன்றக் கூட்டங்களுக்கு வெளியிலிருந்து பேச ஆள் தேடுவார்கள். நாம் போகலாம். கொள்முதல் எப்படி நடக்கிறது, மூட்டைக்கு எவ்வளவு கழிவு, கடன் வசூல் எப்படி என்பதைப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மாணவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

4. இப்போது பல பாடப்பிரிவுகளில் மாணவர்கள் சில வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. இடம் கிடைக்காமல் அலைகிறார்கள். சங்கம் ஒரு பட்டியல் போட்டு, இந்த இந்தக் கடையில் இத்தனை பேர் என்று கொடுத்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, நமக்கும் ஸ்டாக் எடுக்க, கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் கிடைக்கும். அவர்களை டீ வாங்கி வர அனுப்பக் கூடாது.

5. நம் தகப்பனார் காலத்தில் வைத்த பரிசு அறக்கட்டளைகளைப் போய்ப் பாருங்கள். அன்று 1,000 ரூபாய் வங்கியில் போட்டு, அதன் வட்டியில் முதல் மாணவனுக்குப் பரிசு என்று எழுதியிருப்பார்கள். ஆறு சதவீதம் என்றால் வட்டி 60 ரூபாய். இன்று அது ஒரு கிலோ சர்க்கரைக்கும் ஒரு டீக்கும் சரியாகப் போகும். அந்த 1,000-ஐ 50,000 ஆக்கினால் அதே வட்டியில் வருடம் 3,000 ரூபாய் வரும். ஒரு பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் ஆயிற்று. முன்னோர் பெயரும் நிற்கும்.

6. காலி இடங்கள் நிரப்பப்படாமல் இருந்தால், நிர்வாகத்தைக் கலந்துகொண்டு, சங்கத்தின் சார்பில் கல்லூரிக் கல்வித் துறைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனு எழுத வேண்டும். வரி உயர்வுக்கும் கடை வாடகைக்கும் ஒன்றுகூடி மனுக் கொடுக்கத் தெரிந்த நமக்கு இதுவும் தெரியும்.

மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-ல் தொடங்கப்பட்டது. வங்கிக் கணக்கில் இப்படி வரும் பணத்தில் ஒரு பகுதி நம் கடைக்கு வருகிறது. பத்து ரூபாய்க்குப் பேனாவும் இருபது ரூபாய்க்கு பிஸ்கட்டும் வாங்க போனில் ஸ்கேன் செய்கிற பிள்ளையைச் சில்லறைத் தொந்தரவு என்று எரிந்து விழக் கூடாது. மூன்று வருடத்தில் அவர் வேலைக்குப் போவார். குடும்பம் வைப்பார். மாதச் சாமான் எங்கே வாங்குவது என்று அப்போது முடிவு செய்வார்.

அடுத்த சங்கக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் "கல்லூரித் தொடர்பு" என்று ஒரு வரி சேர்க்கும்படி தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர்கள் நாளைக் காலை கடை திறக்கும் முன் ஒரு நடை போய்க் கல்லூரி வாசல் பலகையைப் பார்த்துவிட்டு வாருங்கள். என்ன விழா வருகிறது என்று பாருங்கள். யார் போகிறார், அந்த இடத்துக்கு யார் வருகிறார் என்றும் பாருங்கள். யாரும் வரவில்லை என்றால் அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

வளர்க வணிகம்! வாழ்க கல்வி!